சுடாத உருண்டை

அத்தியாயம் 11

ஆய்வாளர் இரும்பு அலமாரியைத் திறந்து அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அவருடைய அலுப்பு தெரிந்தது.

“பாத்துக்கங்க அண்ணி. இது மூணாவது தடவை. நாலாவது தடவை கேட்டீங்கன்னா பெட்டிய உங்க வீட்டுக்கே அனுப்பி வெச்சிருவேன்.”

“வேணாம் சார். எங்க வீட்டு அலமாரியில அண்ணியோட தேஞ்ச செருப்பே ஒன்பது ஜோடி கிடக்கு. இதை எங்க வைக்கறது?” என்றான் கொழுந்தன்.

ஆய்வாளருக்கு அண்ணியைவிட ஆறு வயது கூடுதல். ஆனாலும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். கணவர் தொடங்கிவிட்டுப் போன துப்பறியும் அலுவலகத்தை அவளும் கணவரின் தம்பியும் நடத்த ஆரம்பித்துப் பதினெட்டு வருடமாகிறது. போகிற இடமெல்லாம் அவன் பின்னாலேயே நின்று ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டதில், காவல் நிலையம், நீதிமன்றம், பிணவறை எல்லாவற்றுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இந்த ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு அதில் கோபமில்லை. எதிலுமே கோபப்படத் தெம்பில்லை என்பதுதான் சரி.

பெட்டிக்குள் ஒரு மனிதரின் கால் எலும்பு இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு. போலீஸ் டாக்டர் அதை நீளவாக்கில் அறுத்து இரண்டாகப் பிளந்திருந்தார். மேல்முனையில் இரண்டு திருகாணிகள். அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கட்டி. எலும்புக்குள் பள்ளம் விழுந்தால் அடைப்பதற்காக வைக்கிற சிமெண்ட்.

ஏழு மாதம் முன்பு, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற ஓர் இருபது வயதுப் பெண் அண்ணியிடம் வந்தாள். “எங்கப்பாவைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. உயிரோட இல்லன்னாலும் பரவால்ல, தெரிஞ்சா போதும்” என்றாள். அப்பா வேன் டிரைவர். எட்டு வருடம் முன்பு ஒரு விபத்து. கால் உடைந்து அறுவை சிகிச்சை. மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார். நடக்க ஆரம்பித்த ஒரு சாயங்காலம், தன் தம்பியோடு வெளியே போனவர் திரும்பவே இல்லை. தம்பியும் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணி ஆறு மாதம் செருப்புத் தேய நடந்து, ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த ஓட்டுத் தொழிற்சாலையில் வந்து நின்றாள். சூளைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினார்கள். ஓர் எலும்புக்கூடு கிடைத்தது; இந்தக் கால் எலும்பு அதிலிருந்து எடுத்தது. அந்தத் தொழிற்சாலையின் காவலாளி யார் என்றால், அதே தம்பி.

இப்போது அவர் பக்கத்து அறையில், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். விசாரணையில் இரண்டே வாக்கியம்தான் சொன்னார். அண்ணன் வீட்டை விட்டுப் போன அன்றைக்குக் கூட இருந்தது நான்தான். அண்ணனைப் புதைத்ததும் நான்தான். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இருந்த பள்ளத்தைப் போலீஸார் தாங்களே கொலை என்று அடைத்துக்கொண்டார்கள்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குற்றப்பத்திரிகை போயிடும்” என்றார் ஆய்வாளர். “கொலை செய்யலன்னு ஒரு வார்த்தை அவரு சொல்லட்டும், நானும் யோசிக்கிறேன். சொல்ல மாட்டேங்கறாரே.”

அண்ணி பையிலிருந்து பழைய எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் எடுத்தது. அதில் சிமெண்ட் கட்டி கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. விளிம்பு பென்சிலால் வரைந்தது போலத் தெளிவு. பெட்டியில் இருந்த கட்டியோ அதில் பாதிதான். விளிம்பும் தெளிவாக இல்லை. வாயில் போட்டுப் பாதி கரைந்த பிறகு வெளியே எடுத்த கற்கண்டு மாதிரி இருந்தது.

“பாதி எங்க சார் போச்சு?”

“மண்ணுல உதிர்ந்திருக்கும்னு டாக்டர் எழுதியிருக்காரே. வெச்சது பழைய ரக சிமெண்டாம். ஆஸ்பத்திரித் தாள்ல முத்திரையே இருக்கு. அதை உடம்பு எத்தனை வருஷமானாலும் கரைக்காதாம்.”

“உடம்பு கரைக்காத பொருளை மண்ணு மட்டும் கரைச்சிடுமா?”

“அண்ணி, எனக்குத் தெரிஞ்ச சிமெண்ட் எல்லாம் வீடு கட்டற சிமெண்ட்தான். அதுலயே ரெண்டு தடவை ஏமாந்தவன் நான்” என்று ஆய்வாளர் பெட்டியை மூடினார்.

வெளியே வரும்போது அண்ணி கம்பிக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. கடவுளே, நான் தேடிப் போனது ஒரு மனுஷனை. என் தேடலால் இன்னொரு மனுஷன் அழிய வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெரிய பிரார்த்தனைகள் செய்ய அவளுக்கு வராது.

*

அந்த அறுவை சிகிச்சையைச் செய்த சர்ஜன் வெளிநாடு போய், அங்கேயே இறந்தும் விட்டார். கூட நின்ற நர்ஸம்மா ஒருவர்தான் மிச்சம். அவர் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய தாளே பழுதாகித் தொங்கிக்கொண்டிருந்தது.

“துப்பு எல்லாம் ஏன் அண்ணி எப்பவும் மூணாவது மாடியிலயே குடியிருக்கு? தரைத்தளத்துல ஒரு துப்பாவது வாடகைக்கு இருக்கக் கூடாதா?”

“பேசாம ஏறு. மூச்சாவது மிஞ்சும்.”

முதல் படியோரம் ஒரு மருந்துக்கடைப் பை கிடந்தது. மேலே பேனாவால் மூன்றாம் மாடி என்று எழுதியிருந்தது. கடைப் பையன் ஏற அலுத்துக்கொண்டு கீழேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணி அதையும் எடுத்துக்கொண்டாள்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. “ஆஸ்பத்திரி சமாச்சாரம்னா எனக்கு எதுவும் ஞாபகமில்ல. ஓய்வு வாங்கி ஆறு வருஷமாச்சு” என்றது உள்ளே இருந்து ஒரு குரல்.

“இந்தப் பை கீழே கிடந்துச்சு. உங்களோடதா பாருங்க.”

கதவு முழுசாகத் திறந்தது. நர்ஸம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு முட்டியிலும் பட்டைத் துணி கட்டியிருந்தது. “காலையிலேர்ந்து இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருக்கேன். இறங்கினா ஏற முடியாது. ஊர்ல உள்ளவங்க முட்டிக்கெல்லாம் நான்தான் கூட நின்னேன். என் முட்டிக்கு நிக்க ஆளில்ல. வாங்க, உக்காருங்க.”

அண்ணி வேன் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். நர்ஸம்மா முகத்தில் யோசனையே இல்லை. சட்டென்று தலையாட்டினார்.

“அந்தக் கேஸா? அதை மறப்பேனா? என் சர்வீஸ்லயே நான் திட்டு வாங்கின ஒரே கேஸ் அது.”

“எதுக்குத் திட்டு சிஸ்டர்?”

நர்ஸம்மா தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “சிமெண்டைக் குழைச்சதும் டாக்டர் எலும்புக்குள்ள அடைப்பார். மிச்சத்தை நான் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிக் கையில வெச்சுக்குவேன். உள்ளே போனது இறுகிடுச்சான்னு எட்டிப் பார்க்க முடியாதே. கையில இருக்கறதுதான் சொல்லும். முதல்ல மாவு மாதிரி இருக்கும். அப்புறம் சூடேறும். கிளவ்ஸைத் தாண்டிச் சுடும். சுட்டு ஆறினதும் ‘ஆச்சு டாக்டர்’னு சொல்லுவேன். இருபத்தாறு வருஷம் இந்தக் கைதான் அந்தத் தியேட்டருக்குக் கடிகாரம்.”

“அன்னிக்கு?”

“சுடவே இல்லம்மா. குழைக்கும்போது எப்பவும் மூக்கைத் துளைக்கிற வாடை வரும், அதுவும் இல்ல. நான் பாட்டுக்குச் சூடு வரும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். டாக்டர் நிமிந்து பார்த்து, ‘என்ன சிஸ்டர், நின்னுக்கிட்டே தூங்கறீங்களா?’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். கையில பார்த்தா உருண்டை கல்லாயிருக்கு. பச்சைத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருக்கு.”

கொழுந்தன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “அப்போ தாள்ல இருக்கிற முத்திரை?”

“அதுவா...” நர்ஸம்மா கொஞ்சம் கூச்சப்பட்டார். “டூட்டிக்கு வந்ததும் அன்னிக்கு இருக்கிற எல்லாக் கேஸ் தாள்லயும் பழைய சிமெண்ட் பேரைக் குத்தி வெச்சிருவோம். ஆபரேஷன் நடுவுல எழுத ஏது நேரம்? வருஷம் பூரா அதே சிமெண்ட்தானே. அன்னிக்கு மட்டும் யாரோ சாம்பிளுக்குக் குடுத்த புது ரகத்தை டாக்டர் எடுத்தார். தாளைத் திருத்தணும்னு யாருக்கும் தோணல.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சிஸ்டர்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் பத்தாவதுல அறிவியல்ல ரெண்டு தடவை தங்கினவன்” என்றான் கொழுந்தன்.

நர்ஸம்மா சிரித்தார். “பழைய ரகம் ஒட்டாத சம்பந்தி மாதிரி. வீட்டுக்குள்ள இருக்கும், ஆனா குடும்பத்துல சேராது. உடம்பு அதைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு கட்டி ஒதுக்கி வெச்சிரும். முப்பது வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் வெச்சது வெச்சபடி இருக்கும். புது ரகம் அப்படியில்ல. எலும்பு எந்தச் சரக்குல ஆனதோ அதே சரக்கு. உடம்பு முதல்ல சந்தேகமாப் பார்க்கும். அப்புறம் எலும்புக்குள்ள இருக்கிற செல்லுல ஒரு கூட்டம் ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே வரும். பின்னாலயே இன்னொரு கூட்டம் வந்து, அரிச்ச இடத்துல எலும்பைக் கட்டிக்கிட்டே வரும். வந்தவனை வெளியே தள்ளாம, தானாவே ஆக்கிக்கிற வேலை. ஆண்டவன் நம்ம எலும்புக்குள்ள எவ்வளவு பொறுமைய வெச்சிருக்கான் பாருங்க.”

“பாதி கரைய எவ்வளவு நாளாகும்?” அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது.

“நாளா? ஆளுக்கு ஆள் மாறும். ஆனா வருஷக்கணக்கும்மா. மூணு மாசத்துல ஓரம்கூட மழுங்காது.”

அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். செத்தவனுடைய எலும்பு வளராது. அந்தக் கட்டி உயிரோடு இருந்த உடம்புக்குள் கரைந்திருந்தால், காணாமல் போன மனிதர் அதற்குப் பிறகும் நெடுநாள் எங்கேயோ நடந்திருக்கிறார், தூங்கியிருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார்.

“அந்த உருண்டை என்ன ஆச்சு சிஸ்டர்?”

“குப்பைக்குத்தான் போகணும். நான் போட மாட்டேன். பேஷண்ட் கண் முழிச்சதும் துணியில சுத்திக் கையில குடுப்பேன். ‘இதுதான் உங்க காலுக்குள்ள இருக்கு, எவ்வளவு கெட்டின்னு நீங்களே அழுத்திப் பாருங்க’ன்னு சொல்லுவேன். பாதிப் பயம் போயிடும். அவரும் வாங்கி வெச்சுக்கிட்டார்.” வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தவர் சொன்னார்: “கிடைச்சா பழுக்கக் காய்ச்சின ஊசிய வெச்சுப் பாருங்க. பழைய ரகம் ஒருவித பிளாஸ்டிக். உருகி, நகப்பூச்சு வாடை தூக்கும். புதுசுன்னா அது கல்லு. ஊசிதான் ஆறிப்போகும்.”

*

ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லை. அந்தப் பெண் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்குத்தானே? அந்த ஆளு இனிமே வெளியே வர மாட்டார்ல?”

எட்டு வருடமாக அவள் சித்தப்பாவை அந்த ஆள் என்றுதான் சொல்கிறாள். அம்மாவும் சாகும்வரை அப்படியே சொன்னாளாம். அண்ணி உருண்டையைப் பற்றிக் கேட்டாள். பெண் கைப்பையின் உள்அறையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள்.

“பரீட்சைக்குப் போறப்ப எல்லாம் இதை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அப்பா கை மாதிரி இருக்கும். எதுக்கு அக்கா?”

கொழுந்தன் மெழுகுவத்தியைக் கொளுத்தினான். கிளிப் ஒன்றை நிமிர்த்தி, குறடால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினான். முதலில் ஓர் உடைந்த பிளாஸ்டிக் அளவுகோலில் வைத்தான். அது பொசுக்கென்று உள்ளே இறங்கியது. கண் எரிகிற வாடை கடை முழுக்கப் பரவியது.

“இது ஒட்டாத சம்பந்தி” என்றான். கம்பியை மறுபடி காய்ச்சி உருண்டையின் ஓரத்தில் வைத்தான். எதுவும் உருகவில்லை. வாடை இல்லை. சிவப்பு மங்கிக் கம்பி கறுத்தது. உருண்டையில் ஒரு புள்ளிக் கரி மட்டும் ஒட்டியிருந்தது. “இது நம்ம ஆளு.”

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன தெரிஞ்சுது?”

“உங்கப்பா கால்ல வெச்சது, உடம்பு கொஞ்சம் கொஞ்சமா எலும்பா மாத்திக்கிற ரகம். ஆஸ்பத்திரித் தாள்ல தப்பா இருக்கு.”

“மாத்திக்க எவ்வளவு நாளாகும்?”

அந்த நேரம் பார்த்து ஒருவர் நாற்பது பக்கப் பத்திரத்தோடு வந்து நின்றார். “சாயங்காலம் வர்றேம்மா” என்று அண்ணி உருண்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தப்பித்து வந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவைக் கொன்றுவிட்டார்கள் என்று எட்டு வருடம் அழுதவளிடம், இல்லையம்மா, அவராகத்தான் உன்னை விட்டுவிட்டு எங்கேயோ இருந்தார் என்று எப்படிச் சொல்வது?

“அண்ணி, இந்த வேலையில எனக்குப் பிடிக்காதது இதுதான்” என்றான் கொழுந்தன், காரைக் கிளப்பிக்கொண்டே. “கண்டுபிடிக்கறது வரைக்கும் ஜோரா இருக்கு.”

*

போலீஸ் டாக்டர் காவல் நிலையத்துக்கு நேரிலேயே வந்தார். உருண்டையைத் தொட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எலும்பின்மேல் வைத்து ஐந்து நிமிடம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் சிறுத்திருந்தது.

“நான் முதல்ல தாளைப் படிச்சுட்டு அப்புறம் எலும்பைப் பார்த்தேன். தாள் சொன்னதுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. மண்ணுல உதிர்ந்திருந்தா அந்த இடத்துல பள்ளம் இருக்கணும். பள்ளமே இல்ல, புது எலும்பு இருக்கு. குறைஞ்சது ரெண்டு வருஷம் இந்த மனுஷர் உயிரோட இருந்திருக்கார். தப்பு என்னோடது சார். இப்பவே மாத்தி எழுதித் தர்றேன்.”

தப்பை ஒத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் அண்ணிக்குக் கும்பிடத் தோன்றும். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

“உங்கண்ணன் கூட இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கீங்க.”

அவர் நிமிர்ந்தார். கைதான பிறகு முதல்தடவை.

“யாரு சொன்னா?”

“அவரு காலே சொல்லுச்சு.”

அவர் நகர்ந்து வந்து கம்பியைப் பிடித்தார். “ரெண்டு வருஷம், நாலு மாசம்” என்றார். “அந்த விபத்துல ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு செத்துப்போச்சும்மா. தப்பு அண்ணன்மேல இல்லன்னு போலீஸே சொல்லிடுச்சு. ஆனா வீட்டுக்கு வந்தா, அதே வயசுல, அதே ரெட்டைச் சடையோட இவரு பொண்ணு ஓடி வந்து காலைக் கட்டிக்குது. ‘அவ மூஞ்சிய நிமிந்து பாக்க முடியலடா, எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடு’ன்னு அழுதார். நாலு நாள்ல மனசு மாறிடும்னு நினைச்சுத்தான் அந்த ஓட்டுக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாறல. கடைசில ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, ‘பேர் குடுக்கணும், வீட்டுக்குத் தெரிஞ்சிடும்’னார். அஞ்சாம் நாள் போயிட்டார்.”

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடுமே. அப்பா நம்மள வேணாம்னுட்டுப் போயிட்டார்னு அவ நினைக்கிறதைவிட, சித்தப்பன் கொன்னுட்டான்னு நினைக்கட்டும். எனக்குப் பொண்டாட்டி புள்ளை இல்ல. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். நீங்க விட்டுடுங்கம்மா.”

கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை கெஞ்சியது. அண்ணி சோர்ந்த கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள்.

“ஐயா, நீங்க அவளுக்குப் பெரிய உபகாரம் செய்யறதா நினைக்கிறீங்க. எட்டு வருஷமா அவ மனசுல நீங்க அடைச்சு வெச்சது பொய். பொய்ய மனசு ஜீரணிக்காது. சுத்தி ஒரு சுவரைத்தான் கட்டிக்கும். அந்தச் சுவருக்குள்ள அவ தனியா இருக்கா. உண்மை வலிக்கும். ஆனா கரையும்.”

பின்னால் கொழுந்தன் தொண்டையைச் செருமினான். அவன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைப் பெண் நின்றிருந்தாள். விரலெல்லாம் இயந்திர மை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

“நீங்க சொல்லாமப் போனீங்கக்கா. நான் போன்ல தேடிப் படிச்சேன். மாசக்கணக்கு இல்ல, வருஷக்கணக்குன்னு போட்டிருந்துச்சு.” அவள் கம்பியை நோக்கித் திரும்பினாள். “எங்கப்பா எவ்வளவு நாள் இருந்தாரு?”

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எழுந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல், அவர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் அழவில்லை. முகம் கல்லாகிக்கொண்டே வந்தது.

“அஞ்சு மைல். எங்க வீட்டுக்கும் அந்தக் கம்பெனிக்கும் அஞ்சு மைல்தான். ரெண்டு வருஷத்துல ஒருநாள் வந்து என்னைப் பார்க்கணும்னு அவருக்குத் தோணலயா?”

“வந்தாரும்மா.”

“பொய் சொல்லாதீங்க.”

“மாசத்துல ஒருநாள் உன் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நிப்பார். தாடி, தலையில துண்டு. தூர நின்னு பார்த்துட்டு வந்துடுவார். ஒருநாள் நல்ல மழை. நனைஞ்சுக்கிட்டே நின்னிருக்கார். ஒரு பொண்ணு ரோட்டைத் தாண்டி வந்து, ‘தாத்தா, குடைக்குள்ள வாங்க’ன்னு கூப்பிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சாம். இவரு வாயே திறக்கல. குரலை வெச்சு நீ கண்டுபிடிச்சிருவியேன்னு பயம்.”

அவள் வாய் லேசாகத் திறந்தது. “ஊமைன்னு நினைச்சேன்” என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல, “கை நடுங்கிட்டே இருந்துச்சு. குளிர்ல நடுங்கறாருன்னு நினைச்சேன்.”

அவள் மெதுவாகக் கம்பிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“வந்து உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“ரெண்டு நாள் எதுவுமே பேசல. மூணாம் நாள் சாப்பிடும்போது, ‘நிமிந்து பாத்தேன்டா’ன்னார். ‘நல்லா வளர்ந்துட்டா’ன்னார். வீட்டுக்கு வர்றேன்னு அன்னிக்குத்தான் முதல்தடவை சொன்னார். அடுத்த வாரம் காய்ச்சல் வந்துடுச்சு. ‘இப்படிப் படுத்த கோலத்துல அவ என்னைப் பாக்க வேணாம், எழுந்து நடந்தே போறேன்’னார்.”

அப்போதுதான் அவள் அழுதாள். அவர் கம்பிக்கு இடையே கையை நீட்டினார். தொடலாமா என்று தெரியாமல் அந்தக் கை பாதியில் நின்றது. அவளே அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் அடுத்த அறையில் நாளைக்கான குற்றப்பத்திரிகையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். சொல்லாமல் புதைத்தது குற்றம்தான், அதற்கு வழக்கு உண்டு என்றார். ஆனால் அதற்காக இவரை உள்ளே வைத்திருக்க வேண்டியதில்லை, யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் இப்போதே கூட்டிப் போகலாம் என்றார்.

“நான் போடறேன்” என்று அண்ணி அவர் மேசைக்கு வந்தாள்.

“வேணாங்கக்கா.” அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினாள். தாளை நிதானமாகப் படித்தாள். பெயர், முகவரி எழுதினாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, மகள் என்று எழுதினாள்.

ஆய்வாளர் அதைப் படித்தார். எதுவும் திருத்தச் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.